ரயில் பெட்டியில் பார்த்த டுவாட்டாரா

எண்ணூரில் ஒரு பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். டுவாட்டாராவைப் பற்றி ஒன்பது வருடமாக ஒரே மாதிரிதான் சொல்லிவந்தேன்: பார்க்கப் பல்லி போலிருக்கும், பல்லி அல்ல, டைனோசர்களோடு வாழ்ந்த அதன் உறவினங்கள் எல்லாம் அழிந்துவிட, நியூசிலாந்தில் இது மட்டும் மிச்சம், அதனால் ‘வாழும் தொல்லுயிர்’. இரண்டு மதிப்பெண் கேள்வி.

அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. மரக்கட்டை ஏற்ற நியூசிலாந்து போவதாக ராயபுரம் வீட்டுக்குப் போன் செய்தபோது எல்லாரும் சாக்லேட் கேட்டார்கள். நான் விளையாட்டாக, டுவாட்டாராவைப் பார்த்துவிட்டு வா என்றேன். அவன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து, காலை ஏழரை மணி. கும்மிடிப்பூண்டி ரயில் திருவொற்றியூர் தாண்டி சிக்னலுக்காக நின்றிருந்தது. அண்ணனிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே மதியம் இரண்டு மணி. கரையிறங்கக் கிடைத்த நாலு மணி நேரத்தில், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் விசாரித்து, இரண்டு பஸ் மாறி ஒரு விலங்குக் காட்சிசாலைக்குப் போயிருக்கிறான்.

போன் திரையில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கல்லின் மேல் அது உட்கார்ந்திருந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், முதுகில் வரிசையாக முட்கள். காசிமேட்டு மீன் கூடைகளோடு கதவோரம் உட்கார்ந்திருந்த இரண்டு அக்காமார் எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னா டீச்சர், ஓணானா?”

ஓணான் இல்லை என்று விளக்கினேன். நூறு வயதுக்கு மேலும் வாழும், தலையில் தோலுக்கடியில் மூன்றாவது கண் உண்டு, முட்டை பொரியவே ஏறத்தாழ ஒரு வருடமாகும் என்றேன். அக்காமாரில் மூத்தவர் கையை முகவாயில் வைத்துக்கொண்டார்.

“ஒரு வருசமா? நமக்குப் பத்து மாசமே தாங்கல.”

இளையவருக்குச் சந்தேகம். “அசையவே இல்லியே, உசுரு கீதா?”

அது அண்ணன் காதில் விழுந்தது. “அரமணி நேரமா பாத்துகினு கீறேன்க்கா. பொம்மைன்னுதான் நெனச்சேன். வவுத்தாண்ட பாரு, மூச்சு வுடுது.”

போனைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனான். வயிறு மெல்ல ஏறியது. வெகுநேரம் கழித்து இறங்கியது. பக்கத்துத் தண்டவாளத்தில் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி கடந்துபோனது. அது போன பிறகும் விலங்கு அதே இடத்தில், அதே தலைச்சாய்வோடு இருந்தது. திடீரென்று ஒரு முறை கண்ணை மூடித் திறந்தது. மூத்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “கீது, கீது,” என்றார் மெதுவாக.

எண்ணூரில் இறங்கும்போது என் கண்கள் கலங்கியிருந்தன. ஒன்பது வருடம் பாடமாக இருந்தது மூச்சு விடும் ஒன்றாகிவிட்டது. அன்று வகுப்பில் புத்தகத்தைத் திறக்காமல் பாடவேளை முழுக்க அதைப் பற்றியே பேசினேன்.

அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது, கிடைத்த நாலு மணி நேரத்தை எனக்காக வீணாக்கிவிட்டாயே என்றேன்.

“வீணா? நாலு மாசமா காதுல மிசின் சத்தம். அது சும்மா குந்திகினு இருந்துச்சி. அத்தப் பாத்துகினே நானும் குந்திட்டேன். கப்பலுக்குப் போவவே மனசு இல்ல.”

ஒரு கணம் யோசித்துவிட்டு, அது என்ன சாப்பிடும் என்று கேட்டான்.