வளைவில் அடங்கிய பாட்டு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. அழுதுகொண்டே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

களமருதூரில் பிறந்தார். அப்பா போனபிறகு படிப்பை விட்டு, நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போய் என்னைப் படிக்கவைத்தார். கணவரை இழந்து கைக்குழந்தையோடு நான் நின்றபோது, தாம் சொந்தமாகப் பள்ளி வேன் ஓட்டிவந்த கரியாலூருக்கே எங்களை அழைத்துக்கொண்டார்.

வேனில் எந்நேரமும் பாட்டு ஓடும். மலை வளைவு வந்தால், எதிர்வண்டியின் ஹாரன் கேட்கவேண்டும் என்று சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார். "ஐயோ, வைங்க மாமா!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். வளர்ந்து அதே வேனில் பள்ளிக்குப் போன என் மகள் மட்டும் வாயே திறக்கமாட்டாள். பள்ளியில் ஆண்டு விழா ஆட்டத்திலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் காட்டினோம், காதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் "மந்தம், பாட்டே ஏறாது" என்றார்கள். பெற்ற வயிறு எரியாதா?

அண்ணன் விடவில்லை. "நீ வந்து வண்டியில ஏறு. அவ வாயப் பாக்காத, காலப் பாரு" என்றார்.

ஏறினேன். வளைவில் பாட்டு அடங்கியது. மகளின் குதிகால் மட்டும் சீட்டில் தட்டிக்கொண்டே இருந்தது. சத்தம் திரும்பியபோது மேளமும் அவள் குதிகாலும் ஒன்றாக விழுந்தன.

"இன்னா, புரிஞ்சுதா? உள்ள பாட்டு ஓடிக்கினுதான் இருக்குது. வாய்க்கு வர நாளாவும். அதுக்குள்ள இன்னா அவசரம் இவங்களுக்கு?" என்றார் அண்ணன்.

அன்றே பள்ளிக்குப் போனார். "ஆட வேணாம் டீச்சர், பசங்களோட நிக்க வுடுங்க, போதும்" என்று மல்லுக்கட்டி அவளை மேடையேற்றினார். நின்றாள், அவ்வளவுதான். அவர் கைதட்டியது பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

நோய் முற்றி, கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் அவருக்குப் பேச்சு நின்றது. கட்டிலோரம் நின்று என் மகள் அந்த வேன் பாட்டை வாய்விட்டுப் பாடினாள். அதுதான் முதல்முறை. பாதியில் சட்டென்று வாயை மூடிக்கொண்டு அவர் கையைப் பார்த்தாள். போர்வைமேல் விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

"மாமாக்கு உள்ள ஓடிக்கினு இருக்குதும்மா" என்றாள்.

மறுநாள் அண்ணன் போய்விட்டார்.

மாறி மாறித் துணையிருந்த வேன் பிள்ளைகளின் பெற்றோருக்கும், அறுப்பைப் போட்டது போட்டபடி களமருதூரிலிருந்து ஓடிவந்த பங்காளிகளுக்கும் நன்றி சொல்லி மாளாது. வேனை விற்றுவிடச் சொன்னவர்களும் என் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். விற்கமாட்டேன். லைசென்ஸ் எடுத்துவிட்டேன், நானேதான் ஓட்டுகிறேன். வளைவு வந்ததும் சத்தத்தைக் குறைக்கிறேன். முன்னால் ஹாரனுக்குக் காது கொடுக்கிறேன். பின்னால் குதிகால்கள் கேட்கின்றன.