நான் சொன்ன ஓம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். குருநகரில் ஒரு மண்டபத்தை விட்டு வெளியேறி, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அப்படியொரு எரிச்சல்.

அப்போது அங்கே மீன்பெட்டி ஏற்றும் கூலி வேலை எனக்கு. கரையோரக் கடலை அடைத்துக் கடலட்டைப் பண்ணை போடலாமா என்று ஊரைக் கேட்பதற்காக, ஒரு நிறுவனம் சீட்டுக் குலுக்கி ஆட்களை எடுத்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் பெயரும் விழுந்துவிட்டது. முதலில் ஒரு தாளில் விருப்பத்தை எழுத வேண்டும். பிறகு இரண்டு நாள் இரு பக்கத்தாரையும் கேட்டு, குழுவாக இருந்து கதைத்து, கடைசியில் மறுபடி எழுத வேண்டும். அந்த இரண்டாவது தாள்தான் மேலிடத்துக்குப் போகுமாம்.

முதல் தாளில் பண்ணை வேண்டும் என்று எழுதினேன். காவல் வேலை கிடைக்கும் என்ற நினைப்பு. எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தார். வள்ளம் இல்லாதவர், கரையோரம் இறங்கி நண்டு வலை போட்டுப் பிழைப்பவர். "ஆழக்கடல் வள்ளம் வச்சிருக்கிறவைக்கு. எனக்கு உந்த முழங்கால் தண்ணிதான் கடல். அதையும் அடைச்சால் நான் எங்கை இறங்கிறது?" என்றார். அதுவரை எனக்கு அது தோன்றியதேயில்லை. மனம் மாறிவிட்டது.

ஆனால் பண்ணைக்காரர் விளக்கம் சொன்னபோது நான் வழக்கம்போல "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நிறுவனத்துக்காகக் குறிப்பெடுத்த கொழும்புப் பிள்ளை ஒவ்வொரு ஓமையும் சம்மதம் என்று எழுதிவிட்டாள். மறுநாள், ஞாயிறு, எழுந்து நின்று அதை வாசித்தாள்: எங்கள் குழுவில் பண்ணைக்குத்தான் ஆதரவாம்.

"பிள்ளை, உவன் ஓம் எண்டது கேக்கிறன் எண்டு. உவன் ரேடியோவுக்கும் ஓம் சொல்லுவான்" என்றார் அக்கா. மண்டபமே சிரித்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏன்ரா ஓணான் மாதிரித் தலையை ஆட்டினனி?" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் கதைத்தும் ஒரு சொல்லை விளங்கிக்கொள்ளாத கூட்டம் என்று திட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பாதி வழியில்தான் உறைத்தது. இரண்டாவது தாளை நான் எழுதவேயில்லை. திரும்பி ஓடினேன். தாள் போடும் பெட்டியை மூடி ஒட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை தன் குறிப்பை வெட்டித் திருத்தியிருந்தாள். ஆனால் இனித் தாள் தர முடியாது என்றாள். அக்கா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சொல்லத் தேவையில்லாத இடத்திலை ஓம் ஓம் எண்டாய். எழுதவேண்டின நேரம் ஓடிப்போட்டாய். போ தம்பி."

குரலில் கோபம்கூட இல்லை.

பண்ணைக்கு ஆதரவுதான் கொஞ்சம் அதிகம் என்று மாலையே கேள்விப்பட்டேன். என் ஒரு தாளால் அது மாறியிருக்காது. அதை நினைத்தும் ஆறுதல் வரவில்லை. அக்காவின் முகத்தில் முழிக்கமுடியாமல், விடிந்ததும் பஸ் ஏறிக் கோப்பாயில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தேன். எத்தனையோ ஊர்களை விட்டு வந்திருக்கிறேன். மனம் மாறிய பிறகும் அதை எழுதிக் கொடுக்க ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்காமல் வந்த அந்த ஊர் மட்டும்தான் இன்னும் உறுத்துகிறது.