பாடமாக்கிய கிராமம்

நான் புலம்பெயர்ந்து வாழும் சென்ட் லோரன்ட் என்ற ஊரில், ஒரு கிளினிக்கில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். எட்டாவது தடவையாக மணி பார்த்தபோது, பக்கத்தில் கம்பளித் தொப்பியோடு இருந்த மெலிந்த மனிதர் ஒரு தாளை நீட்டினார். இங்கிலாந்தில் மகள் இருக்கும் கிராமத்தைக் குடியுரிமைச் சோதனைக்குப் படிப்பது போலப் பாடமாக்குகிறாராம்.

"கேளுங்கோ அண்ணை."

தாளில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். தேவாலயத்துக்கு எண்ணூறு வயது. ஆற்றுக்கு ஒரே பாலம். பஸ் நாளுக்கு இரண்டு. தபால் கந்தோர் செவ்வாய் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு விரலை மடக்கினார். ஒன்றும் பிழையில்லை.

"இதையெல்லாம் அங்க ஆர் கேக்கப் போகினம்?" என்றேன்.

"ஒருத்தரும் கேக்காயினம். ஏன் வந்தனீங்கள் எண்டு மகள் கேட்டா, ஊர் பாக்க வந்தனான் எண்டு சொல்ல வேணும்."

என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் வருவது மகளுக்குத் தெரியுமா என்று மட்டும் நான் கேட்கவில்லை. அது இன்னும் என்னை அரிக்கிறது.