உப்புப் பெட்டியைக் கண்டு வியந்த புஷ்பம் அக்கா

புஷ்பம் அக்கா காலமாகிவிட்டார் என்று பாரிசிலிருந்து வந்திருந்த அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் பல்லாரோ சந்தையில் மீன்காரருக்கு முன்னால் நின்றிருந்தேன். வாங்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இத்தாலியின் பலேர்மோவில் ஒரு சிஞ்ஞோராவை, வயதான இத்தாலிய அம்மாவை, அவர் பராமரித்தார். அதே வீட்டில் நான் சமைத்தேன். முதல் நாளே உப்புப் பெட்டியை எடுத்து, அதில் SALE, ‘சாலே’, என்றிருந்த நான்கு எழுத்துகளை விரலால் தடவினார்.

"தம்பி, இதே நாலெழுத்து இஞ்சை உப்பு. பாரிசிலை அழுக்கு. லண்டனிலை விற்பனை. மூண்டுக்கும் வேர் வேறையாம். ஆரோ எவரோ, முகம் மட்டும் ஒண்டு."

சொல்லிவிட்டுச் சாமி கும்பிடுகிறவரைப் போல நின்றார். கறி பொங்குகிறது, உப்பைத் தாருங்கள் என்றேன். ஆனாலும் அந்த வியப்பு என்னையும் தொற்றிக்கொண்டது. அதன்பிறகு எந்தப் பெட்டியைக் கண்டாலும் நின்று வாசிப்பேன்.

பின்னர் என் மனைவி கமலாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. வாரக்கணக்கில் ஒரு சொல் வரவில்லை. இனி வராமலே போய்விடுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா வேலை முடிந்ததும் நாள் தவறாமல் வந்தார். வரும்போதெல்லாம் ஒரு சொல்லும் கொண்டுவருவார். ‘என்தே’ இத்தாலியில் அரசாங்க அலுவலகம், ஜெர்மனியில் வாத்து என்றார் ஒருநாள். கமலா சிரித்தாள். சத்தம் வரவில்லை.

கமலாவுக்கு ஒரு குணம். யார் சமைத்தாலும் பிழை பிடிக்காமல் விடமாட்டாள். அதுவும் ஒடியற்கூழ், எங்கள் ஊரில் பனங்கிழங்கு மாவில் மீனும் புளியும் சேர்த்துக் காய்ச்சுவது, என்றால் கேட்கவே வேண்டாம். இதை அறிந்த அக்கா ஒரு மாலை கட்டிலருகே இருந்து, வெகு சாதாரணமாக, "நேற்று ஒடியற்கூழ் காய்ச்சினனான், கமலா. புளி விடேல்லை. பால்தான் விட்டனான்" என்றார்.

கமலாவின் முகம் சுருங்கியது. உதடு துடித்தது.

"பாலோ?" என்றாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். படியிறங்கும்போது அக்கா சொன்னார்: "கூழுக்கு ஆரும் பால் விடுவினமோ, தம்பி? சொல்லு உள்ளுக்கைதான் இருந்தது. அதுக்குக் கோவம் வரவேணும்." 

நேற்று இறுதிக் கிரியையில் தேவாரம் முடிந்ததும், யாராவது நாலு வார்த்தை பேசுங்கள் என்று மகள் கேட்டார்.  கமலா என் தோளைப் பிடித்து எழுந்தாள். எழாத வலது கையை இடது கையால் தூக்கி, அக்காவின் காலடியில் பூவை வைத்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, அக்காவைப் பற்றி முழுதாகப் பேசினாள். நாங்கள் காத்திருந்தோம்.

கடைசியாக, "போயிட்டு வாங்கோ, அக்கா" என்றாள்.