மாமா என்று கூப்பிட்டதால் வந்த வினை

என் அம்மாவின் கணக்கில் அந்நியர் என்று ஒருவருமே கிடையாது. தேயிலை வருவதற்கு முந்திய கோப்பிக் காலத்தில், கண்டியில் மூட்டைகளைச் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் அவள் கோப்பிக்கொட்டை பொறுக்கினாள். அதன் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். வாசலில் யார் வந்து நின்றாலும் அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிடுவாள். அலவத்துகொடையிலிருந்து துணி மூட்டை சுமந்து வரும் முஸ்லிம் வியாபாரி, அவர்கள் வழக்கப்படி அண்ணன் என்று பொருள்படும் 'நானா'. அம்பிட்டியவிலிருந்து கீரை கொண்டுவரும் சிங்களப் பெண், அவர்கள் மொழியில் அக்கா என்று 'அக்கே'. "யாரோ ஒரு ஆளு வந்திருக்கான்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். "ஆளா? வாயில சூடு வைப்பேன்! மாமான்னு சொல்லுடி" என்று கண்ணை உருட்டினாள்.

அதற்குப் பிறகு அநேகமாக எல்லா ஆண்களும் எனக்கு மாமாதான். அதில் இருந்த கெட்டிக்காரத்தனம் பிற்பாடுதான் விளங்கியது. பிள்ளைக்கு மாமா என்றால் தாய்க்கு அண்ணன், தம்பி. புருஷன் இல்லாத இளம்பெண் அத்தனை ஆண்கள் நடமாடும் இடத்தில் தனக்குப் போட்டுக்கொண்ட வேலி அது.

அந்த மாமாக்களில் ஒருவர் பிலிமத்தலாவை வண்டிக்காரர். தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டை ஏற்றி வருவார். பெண்சாதி செத்துப்போனவர், பிள்ளை குட்டி இல்லை. மூட்டைகளை இறக்கியதும் எங்கள் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடிப்பார். எனக்கென்று அவர் மடியில் எள்ளுருண்டை இருக்கும். அவர் வரும் நாளில் நான் காலைச் சோற்றைத் தொடவே மாட்டேன். வயிற்றில் இடம் வேண்டாமா?

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே புள்ள என்னைய மாமான்னு கூப்பிட வேணாம்னு சொல்லுங்க" என்றார். அம்மா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் என்ன குற்றம் செய்தேன்?

அவர் அம்மாவைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார் என்பது கிட்டங்கிப் பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. மறுநாள் அங்கே கைகளைவிட வாய்கள்தான் வேகமாக ஓடின. எங்கள் ஆட்களில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது புதுசு இல்லை, அதை யாரும் குறை சொல்லவும் இல்லை. "ரெண்டு வருசமா புள்ளைய விட்டு மாமா மாமான்னு கூப்பிட வச்சிட்டு, இப்ப அண்ணனையேவா கட்டுவ?" என்றுதான் கேட்டார்கள். அம்மாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. மாட்டு மணி கேட்டால் அவசரமாகத் தலையை ஒதுக்குவாளே, எனக்குத் தெரியாதா?

கடைசியில் பெண்களில் மூத்தவள் ஒருத்தி ஒரு வழி சொன்னாள். "புள்ள வாயால வந்தத புள்ள வாயே மாத்தட்டும். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சித்தப்பான்னு கூப்பிடச் சொல்லு. அப்புறம் எவ பேசுறான்னு பாக்குறேன்." வண்டிக்காரரும் அதற்குச் சம்மதித்தார். "புள்ள கூப்பிட்டா உள்ள வாறேன். இல்லாட்டி தண்ணியக் குடிச்சிட்டுப் போறேன்" என்றார்.

நான் கூப்பிடவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். எள்ளுருண்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாரா வாரம் அவர் வந்து நிற்பார், நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொள்வேன். என்ன பிடிவாதம் இந்தச் சனியனுக்கு என்று எல்லோரும் திட்டினார்கள். பயம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்துக் காம்பராவில் என் வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாயும் இரண்டாம் தரம் கட்டிக்கொண்டவள். அந்த மனுஷனை அவள் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாள். "வேணாம் சித்தப்பா, வேணாம் சித்தப்பா" என்று அவள் அலறுவது சுவரைத் தாண்டிக் கேட்கும். மாமா என்றால் எள்ளுருண்டை, சித்தப்பா என்றால் விறகுக்கட்டை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு மழை நாளில் அவர் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். அம்மா அன்றைக்கு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "இனிமே வர வேணாங்க. புள்ளைக்குப் பிடிக்கல. அதுக்குப் பிடிக்காத எதுவும் எனக்கு வேணாம்" என்று அவரிடம் சொன்னாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. விடுவிடென்று அவர் முன்னால் போய் நின்றேன்.

"சித்தப்பான்னு கூப்பிட்டா அடிப்பீங்களா?"

அவர் சேற்றிலேயே குந்திவிட்டார். "யாரு தாயி அப்பிடிச் சொன்னா?" நான் பக்கத்துக் காம்பராவைக் கையால் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மாட்டையே அடிக்க மாட்டேன் தாயி. அதனாலதான் எல்லா வண்டியும் வந்தப்புறம் நான் வந்து சேருறேன்" என்றார்.

அம்மா அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். மழைக்காகக் கிட்டங்கித் தாழ்வாரத்தில் பெண்கள் கூட்டமாக ஒதுங்கி நின்றிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"சித்தப்பா, உள்ள வாங்க!"

கண்ணைத் திறந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோள் துண்டைப் பிழிந்து, நனைந்திருந்த என் தலையைத் துவட்டினார்.

அவர் காலம் முடியும்வரை அவரிடம் நான் ஒரு அடி வாங்கியதில்லை. அந்தப் பங்கையும் சேர்த்து அம்மாதான் அடித்தாள்.