இரண்டு வருடம் உழைக்கும் பேட்டரி

ஆபீசில் அவளுக்கு 'வோல்ட்டு மேடம்' என்று பெயர். ரிமோட்டுக்குள் பேட்டரியிலிருந்து சிப் வரைக்கும் கரண்ட் எப்படிப் போக வேண்டும் என்று வடிவமைப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே வேலை, அதே தலைவலி.

இந்த முறை, நோயாளிகள் படுத்தபடியே கட்டிலை ஏற்றி இறக்கும் ரிமோட். "ரெண்டு பென்சில் பேட்டரி போட்டுடலாம் சார்" என்று முதல் நாளே சொன்னாள். பட்டனை அழுத்தும் நொடியில் சிப் மடமடவென்று கரண்டை உறிஞ்சும்; காசு மாதிரி இருக்கும் வட்ட பேட்டரி கொஞ்சம் பழசானாலே திணறிவிடும். மேனேஜர் கேட்டால்தானே! "மெலிசா இருக்கணும்மா. கையில இருக்கிறதே தெரியக் கூடாது." தெரியவே கூடாதென்றால் ரிமோட் எதற்கு? பல்லைக் கடித்துக்கொண்டு வட்ட பேட்டரிக்கே வரைந்தாள். திணறாமலிருக்கப் பக்கத்தில், கரண்டைச் சேர்த்து வைத்துச் சட்டென்று கொடுக்கும் ஒரு கெப்பாசிட்டரையும் வைத்தாள். அது போதுமா என்று அவளுக்கே சந்தேகம்தான்.

'இரண்டு வருடம் உழைக்கும்' என்று பெட்டியில் அச்சடிக்க, இன்று மாலைக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருடத்தில் அமுக்கக்கூடிய அத்தனை அமுக்கலையும் லேப்பில் ஒரு மெஷின் ஐந்து மாதமாக இருபது ரிமோட்டில் அமுக்கி முடித்திருந்தது. ஒன்றுகூட நிற்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

"எப்படிண்ணா ஒண்ணுகூட நிக்கல?" என்று அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சோதனைக்காரரைக் கேட்டாள்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "விடுவேனா மேடம்? லேசா டல்லானாலே புது பேட்டரி போட்டுடுவேன். நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணினது, ஃபெயிலாக விடலாமா?"

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஐயோ அண்ணா! அது எப்போ நிக்குதுன்னு பாக்கத்தானே வச்சிருக்கு! எதை எப்போ மாத்தினீங்கன்னாவது எழுதி வச்சீங்களா?"

"இதையெல்லாம் போய் எழுதுவாங்களா மேடம்?"

ஐந்து மாத உழைப்பு அம்பேல். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நல்ல எண்ணத்தில் செய்த மனுஷனை என்னவென்று திட்டுவது?

அவர் கைபடாத ரிமோட் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அம்மாவிடம் மூன்று மாதம் முன்பு கொடுத்தது. போன் போட்டாள்.

"ரிமோட் ஒழுங்கா வேலை செய்யுதாம்மா?"

"அதுக்கென்ன, ஜோரா இருக்கு."

"அம்மா, உண்மையைச் சொல்லு."

"போன வாரத்துலேருந்து அசைய மாட்டேங்குதுடி. நீ ராப்பகலா உக்காந்து பண்ணினது, சொன்னா வருத்தப்படுவியேன்னு விட்டுட்டேன். சாயங்காலம் நீ வந்து, பழக்கத்துல கட்டிலோட கால்மாட்டு சுவிட்சைப் போடுற வரைக்கும் அப்படியே படுத்திருப்பேன்."

"தண்ணி எப்படிக் குடிக்கிறே?"

"படுத்துக்கிட்டே குடிச்சா புரையேறுது. அதனால குடிக்கிறதில்ல."

அவள் போனை வைத்தாள். மேனேஜர் எட்டிப் பார்த்தார். "கையெழுத்து ஆச்சாம்மா?"

படிவத்தில் 'இரண்டு வருடம்' என்பதை அடித்துவிட்டு, 'மூன்று மாதம்கூட இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இதை எப்படிம்மா பெட்டியில போடுறது?"

"நீங்களே யோசிங்க சார். எங்கம்மா காலையிலேருந்து தண்ணி குடிக்கல."