திரைக்கு அந்தப் பக்கம் மாமி

பாபநாசத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அப்போது மாமியாரும் நானும் மட்டும்தான். கணவர் குவைத்தில். ஒருநாள் காலையில் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, மதியத்துக்குள் வலப்பக்க அடிவயிற்றில் இறங்கி நின்றுகொண்டது. வாந்தியும் நிற்கவில்லை. மாமி ஆட்டோ பிடித்துப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா மாமியை வெளியே இருக்கச் சொன்னார். நடுவில் ஒரு துணித் திரைதான்.

“வீட்டுக்காரர் எப்ப வந்துட்டுப் போனாங்க?”

“போன வருஷம், பெருநாளுக்கு.”

“பீரியட்ஸ் தள்ளிப் போயிருக்கா?”

“கொஞ்சம். எனக்கு எப்பவுமே அப்படித்தாங்க.”

அதுவரை மரியாதையாகப் பேசியவர் அந்த இடத்தில் ஒருமைக்கு மாறினார். “மறைக்காம சொல்லு. எதாவது மாத்திரை வாங்கிப் போட்டியா?”

வலியில் எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், திரைக்கு அடியில் தெரிந்த மாமியின் செருப்பைத்தான் பார்த்தேன். அது அசையவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. “சில நேரம் காட்டாது” என்றார் டாக்டரம்மா. வயிற்றில் கைவைத்துக்கூடப் பார்க்காமல் வலிக்கு ஊசி போட்டு அனுப்பினார்.

வீட்டில் மாமி கஞ்சி வைத்துக் கொடுத்தார். சார்ஜ் போடுவதாக என் போனை எடுத்துப் போனார். சார்ஜர் என் தலைமாட்டில்தான் இருந்தது. கொல்லையில் மகனிடம் போனில் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. ‘டாக்டரு’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்தபோது, “அவ தூங்குறா” என்று வாசலோடு அனுப்பிவிட்டார். நான் தூங்கவில்லை. எனக்காக மறைக்கிறாரா, என்னிடமிருந்து எதையோ மறைக்கிறாரா என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

மறுநாள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. மாமிதான் கார் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் அடிவயிற்றை அழுத்திக் கையை எடுத்ததும் அலறிவிட்டேன்.

“குடல்வால் வெடிச்சிருக்கும் போலம்மா. நேத்தே வந்திருக்கணும்.”

“நேத்தே காட்டுனோங்க” என்றார் மாமி. “அந்த டாக்டரு வேற மாதிரி சொல்லிட்டாங்க.”

நீங்க நம்புனீங்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிழைத்துக்கொண்டேன். தையல் பிரிப்பதற்கு முன்பு கணவர் போனில் கூப்பிட்டார். சாப்பாடு, மருந்து எல்லாம் விசாரித்தார். பிறகு, “தஞ்சாவூர் டாக்டர் வேற எதுவும் சொல்லலையா?” என்றார்.

“வேற என்ன சொல்லணும் மச்சான்?”

லைன் சரியில்லை என்றார். எனக்கு அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.